சீட்டுச் சுவரா, வேலை மாடலா, பெர்சோனாவா?

மருந்துக்கடைக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாலைந்து கடைகளில் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று வேலையைப் பார்த்தாயிற்று. கையில் குறிப்பு குவிந்து கிடக்கிறது. இதிலிருந்து ‘இந்த வேலை இப்படித்தான் நடக்கிறது’ என்று டீம் முழுக்க ஒப்புக்கொள்ளும் சித்திரத்தை எடுக்க வேண்டும்.

பலரும் முதலில் போவது அஃபினிட்டி வரைபடத்துக்கு. ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதாவின் கேஜே முறைதான் இதற்கு மூலம். சீட்டுக்கு ஒரு குறிப்பு எழுதிச் சுவரில் ஒட்டுவது; சீட்டுச் சுவர் என்று நான் சொல்வது இதைத்தான். தலைப்பை முன்கூட்டி முடிவுசெய்யாமல், ஒத்துப்போவதைச் சேர்த்துவிட்டு அப்புறம் பெயர் வைப்பது. டெவலப்பர் முதல் விற்பனை ஆள் வரை யாரும் கை வைக்கலாம். ஆனால் ‘ஸ்டாக் சிக்கல்’ என்ற தலைப்பின்கீழ் சீட்டுகள் சேர்ந்ததும், எதற்கு அப்புறம் எது நடந்தது என்பது காணாமல் போய்விடும்.

அதைக் காப்பாற்றுவது வடிவமைப்பு ஆய்வாளர்கள் கேரன் ஹோல்ட்ஸ்பிளாட்டும் ஹியூ பேயரும் 1990களில் வகுத்த வேலை மாடல்கள். யாரிடமிருந்து யாருக்கு என்ன போகிறது, படிகளின் வரிசை, கையாளும் பொருட்கள், இடத்தின் அமைப்பு, பண்பாட்டு அழுத்தம் என ஐந்து. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வரைந்து, பிறகு இணைக்க வேண்டும். கஷ்டமே அந்த இணைப்பில்தான். ஒரு கடையில் டாக்டர் சீட்டைப் பார்த்ததும் ரேக்குக்குப் போய் மாத்திரையை எடுத்துவந்துதான் பில் போடுகிறார்கள். பக்கத்துக் கடையில் முதலில் கம்ப்யூட்டரில் தட்டி ஸ்டாக் பார்க்கிறார்கள். படிகளை வைத்துப் பார்த்தால் இரண்டும் சேராது. நோக்கத்தை வைத்துப் பார்த்தால் ஒன்றுதான்: மருந்து இருக்கிறது என்று உறுதியாகாமல் விலை சொல்லக்கூடாது. இன்னொரு கடையில், தீர்ந்த மருந்தை அட்டைப்பெட்டியின் கிழிந்த மூடியில் எழுதி மானிட்டர் ஓரத்தில் செருகியிருக்கிறார்கள். சாயங்காலம் ஸ்டாக்கிஸ்ட்டுக்கு அதைப் பார்த்துத்தான் போன். சீட்டுச் சுவரில் அது ஒரு சில்லறைக் குறிப்பு. பொருள் மாடலில் அதுதான் அந்தக் கடையின் ஆர்டர் புத்தகம். அதேபோல, முதலாளியே கொள்முதலும் கவுன்ட்டரும் பார்க்கும் சின்னக் கடையையும் மூன்று பேர் பார்க்கும் பெரிய கடையையும், ஆளை விட்டு பொறுப்பை வைத்துத்தான் இணைக்க முடியும். நேரம் நிறையப் பிடிக்கும், பழக்கமில்லாதவருக்குப் படம் சிக்கலாகத் தெரியும். அது உண்மைதான்.

பெர்சோனாவை 1999இல் பிரபலமாக்கியவர் மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பர். பயனர்களின் பிரதிநிதியாக உருவாக்கும் ஒரு மாதிரி ஆள் அது: ஒரு பெயர், ஒரு முகம், சில இலக்குகள். மேலிடத்துக்குச் சொல்ல இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் கைமாறும் வேலை ஒருவர் முகத்துக்குள் அடங்காது. ஆய்வே இல்லாமல் மீட்டிங்கில் உட்கார்ந்து எழுதிய பெர்சோனா என்றால், அது வெறும் கற்பனைக் கதை.

என் கணக்கில் இவை சரிசமமான போட்டியாளர்கள் இல்லை. ஹோல்ட்ஸ்பிளாட்டும் பேயரும்கூட அஃபினிட்டியை மாடல்களோடு சேர்த்தே பயன்படுத்தினார்கள். நேரம் குறைவென்றால் சீட்டுச் சுவரை முடித்துவிட்டு, அடிக்கடி நடக்கும் ஒரே ஒரு வேலைக்காவது படிவரிசையை இணைத்துவிடுங்கள். மருந்துக்கடைக்கு அந்த இரண்டு போதும். தனியாள் தனக்காகவே பயன்படுத்தும் ஆப் என்றால் கதை வேறு, அங்கே பெர்சோனாவுக்கே என் ஓட்டு.