பை இல்லாத சைக்ளோன் வேக்யூம் கிளீனர்: அம்மாபேட்டை தறித் தூசியில ஓட்டிப் பார்த்த அனுபவம்

சைக்ளோன் டைப், அதாவது பை இல்லாம காத்தை சுழல விட்டு தூசியைப் பிரிக்கிற வேக்யூம் கிளீனர் வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு என்னோட பதில், தாராளமா வாங்கலாம், ஆனா ஃபில்டரை கழுவி காயவைக்கிற பொறுமை வீட்டுல யாராவது ஒருத்தருக்காவது இருக்கணும். கடையில "பை மாத்துற செலவே கிடையாது, இழுக்கிற வேகம் குறையவே குறையாது"ன்னு சொல்லித்தான் விக்கறாங்க. முதல்ல சொன்னது உண்மை. ரெண்டாவது சொன்னது எங்க ஊர் தூசிக்கு செல்லாது, ஏன்னு விவரமா சொல்றேன், ஏன்னா இந்த ஒரு விஷயம் புரிஞ்சுட்டா மெஷின் ரொம்ப வருஷம் உழைக்கும், புரியலன்னா ஆறே மாசத்துல பரண் மேல ஏறிடும்.

எங்க வீடு சேலம் அம்மாபேட்டையில, தெருவுல ரெண்டு பக்கமும் தறி ஓடுது. தறிச் சத்தம் பழகிடும், ஆனா அந்தப் பஞ்சு பழகாது. காலைல துடைச்ச டிவி ஸ்டாண்டு மேல சாயங்காலம் வெள்ளையா மெல்லிசா படிஞ்சிருக்கும், கொசுவலை அடிச்ச ஜன்னல்ல ஓட்டையெல்லாம் அடைச்சு காத்தே வராது, ஃபேன் றெக்கை ஓரத்துல கறுப்பா கம்பளி மாதிரி ஒட்டிக்கும். வெளக்குமாறு எடுத்து கூட்டினா அந்தப் பஞ்சு ஒரு இடத்துல எழும்பி இன்னொரு இடத்துல போய் உக்காருது, அவ்வளவுதான். என் மாமியாருக்கு வீசிங் இருக்கு, கூட்டற நேரத்துல அவங்க வாசல்ல போய் உக்காந்துக்குவாங்க, மழை பேஞ்சாலும். டாக்டர் பெட்டு, தலகாணி, கர்ட்டன்ல தூசி இல்லாம பாத்துக்கங்கன்னு சொன்னதுக்கு அப்புறம்தான், கொரோனா ரெண்டாவது அலை முடிஞ்ச சமயத்துல இதை வாங்கினோம். சக்கரம் வச்ச பெட்டி, நீள ஹோஸ், முன்னாடி ஸ்டீல் பைப்பு, தூசி விழற டப்பா கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், அந்த மாடல். 1600 வாட்ஸ்.

உள்ள என்ன நடக்குதுன்னா, மோட்டார் காத்தை இழுக்குது, அந்தக் காத்து டப்பாவுக்குள்ள ஓரமா நுழைஞ்சு வேகமா சுழலுது, சுழல்றப்ப கனமான தூசி, மண்ணு, முடி எல்லாம் சுவர் பக்கம் தள்ளப்பட்டு கீழ விழுது, காத்து மட்டும் நடுவுல இருக்கிற சல்லடை வழியா மேல போகுது. மர அறுவை மில்லுல மரத்தூளை பிரிக்க பெரிய கூம்பு வச்சிருப்பாங்க, அதே டெக்னிக். இங்கிலாந்துல ஜேம்ஸ் டைசன் அந்த மில்லு கூம்பை பாத்துட்டுத்தான் வீட்டு மெஷினுக்குள்ள கொண்டு வரணும்னு இறங்கி, 5127 மாடல் செஞ்சு பாத்து, 1993-ல டிசி01னு தன்னோட பேர்லயே விக்க ஆரம்பிச்சார். அதுக்கு முன்னாடி பெரும்பாலும் பை வச்ச மெஷின்தான், பையோட துவாரம் அடைய அடைய இழுவை குறையும், அந்தக் குறையை தீக்கத்தான் இவ்வளவு பாடு.

இதுல கவனிக்க வேண்டியது, எல்லா தூசியும் சுழல்ல பிரியறதில்ல. ரொம்ப நைசான பொடி காத்தோடயே மேல போய் மோட்டாருக்கு முன்னாடி இருக்கிற ஸ்பாஞ்ச் ஃபில்டர்ல ஒட்டுது. விலை ஜாஸ்தியான மாடல்ல சின்னச் சின்ன கூம்பு நிறைய அடுக்கி வச்சிருப்பாங்க, கூம்பு சின்னதாக ஆக சுழற்சி வேகமாகி நைசான தூசியும் பிரியும், ஃபில்டருக்கு வேலை குறையும். எங்களோடது ஒரே கூம்பு, நடுவுல சல்லடை. நம்ம பட்ஜெட்ல கிடைக்கிறது பெரும்பாலும் இதுதான். அப்ப ஃபில்டர் அடையத்தான் செய்யும். பை இல்லன்னா பராமரிப்பு இல்லன்னு அர்த்தம் இல்ல, பைக்கு பதிலா ஃபில்டர்.

பஞ்சு வேற ஒரு சிக்கல் பண்ணுது. மண்ணு மாதிரி கீழ விழாது, சல்லடையை சுத்திக்கிட்டு வளையம் வளையமா ஏறும். என் முடியும் பொண்ணு முடியும் நீளம், அதுவும் சேந்து பின்னிக்கும். டப்பால மேக்ஸ்னு ஒரு கோடு போட்டிருப்பாங்க, இடம்தான் இருக்கேன்னு அந்தக் கோட்டை தாண்ட விடக்கூடாது, தாண்டினா உள்ள சுழல் உடைஞ்சு, ஏற்கனவே கீழ விழுந்த தூசியும் கிளம்பி நேரா ஃபில்டருக்குத்தான் போகும். நான் பாதி டப்பா ஆனதுமே கொட்டிடுவேன். அடிப் பட்டனை அமுக்கினா கீழ் மூடி திறந்து மண்ணு மட்டும் பொத்துன்னு விழும், பஞ்சு வளையம் அப்படியே சல்லடையில தொங்கும், அதை விரல்ல ஒரு ஓரம் கிளப்பி இழுத்தா துணி கிழிக்கிற மாதிரி முழுசா கழண்டு வரும், மிச்சத்துக்கு பழைய டூத் பிரஷ்.

கொட்டற வேலைய வீசிங் இருக்கிறவங்க பண்ணவே கூடாது, இது ரொம்ப முக்கியம். பை வச்ச மெஷின்ல பையோட தூக்கிப் போட்டுடலாம், இதுல தூசி முகத்துக்கு நேரா எழும்பும். நான் மொட்டை மாடிக்கு கொண்டு போய், பெரிய கவருக்குள்ள டப்பாவை முழுசா இறக்கி, கவர் வாயை டப்பாவை சுத்தி இறுக்கிப் புடிச்சுக்கிட்டுத்தான் பட்டனை அமுக்குவேன், அப்புறம் ஒரு நிமிஷம் அப்படியே விட்டு, அடங்கின பிறகு எடுப்பேன். மாமியார் கீழ இருந்தே "ஏம்மா, வாயில துணி கட்டிக்கிட்டியா"ன்னு குரல் குடுப்பாங்க.

கண்ணாடி டப்பாவால ஒரு பெரிய லாபம் உண்டு. சேலத்துல குழந்தைங்க காலுக்கு கொலுசு இல்லாத வீடு கம்மி, கொலுசு முத்து ஒண்ணு கழண்டு கட்டிலுக்கு அடியில போயிருந்தா ஹோஸ்ல கலகலன்னு ஏறி டப்பாவுல சுத்தறது கண்ணுக்கே தெரியும். கம்மல் திருகாணியும் அப்படித்தான் ஒரு தடவை மாட்டுச்சு. மெஷினை நிறுத்தி பேப்பர் மேல கொட்டினா கையில கிடைச்சுடுது, பையா இருந்தா கிழிச்சுத்தான் தேடணும்.

ஃபில்டர் கழுவறதுக்கு நான் ஒரு வழக்கம் வச்சிருக்கேன். ஸ்பாஞ்சை மாசம் ஒரு தடவை ஓடற தண்ணில பிழிஞ்சு பிழிஞ்சு அலசணும், சோப்பு வேண்டாம், தண்ணி தெளிவா வர்ற வரைக்கும். அப்புறம் முழுசா ஒரு நாள் நிழல்ல காயணும், சேலம் வெயில்ல அது பிரச்சனையே இல்ல, ஏப்ரல் மே மாசத்துல மத்தியானத்துக்குள்ள காஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆனாலும் நடுவுல ஈரம் நிக்கும், மறுநாள் வரைக்கும் விடுங்க. ஈரத்தோட போட்டா தூசி சேறாகி இறுகிடும், நாத்தம் வரும், மோட்டாருக்கும் கெடுதல். அதனால இன்னொரு செட் ஃபில்டர் வாங்கி மாத்தி மாத்திப் போடறேன், 800 ரூபா கிட்ட ஆச்சு, இந்த மெஷினுக்கு நான் பண்ணின செலவுலயே உருப்படியான செலவு அதுதான். பின்னாடி காத்து வெளிய வர்ற இடத்துல இருக்கிற ஹெப்பா ஃபில்டர் மடிப்பு மடிப்பா காகிதம் மாதிரி இருக்கும், எங்க மாடல்ல அதை கழுவக்கூடாது, தட்டி சுத்தம் பண்ணிட்டு வருஷத்துக்கு ஒண்ணு மாத்தணும். ஹெச்13 தரம்னு போட்டிருந்தா நைசான தூசில 99.95 சதவீதம் புடிக்கணும்னு கணக்கு. ஆனா ஃபில்டரை சுத்தி இருக்கிற ரப்பர் வார் சரியா உக்காரலன்னா அந்தத் தரத்துக்கு அர்த்தமே இல்ல, தூசி அந்தச் சந்துலயே வெளிய வந்துடும். மெஷின் ஓடறப்ப பின்னாடி ஒரு வெள்ளைத் துணி பிடிச்சுப் பாருங்க, தெரிஞ்சுடும்.

சுவர் புட்டி, சிமெண்டு, டைல்ஸ் வெட்டின பொடி இதுக்கெல்லாம் இந்த மெஷினை கிட்ட கொண்டு போகாதீங்க. எதிர்வீட்டு அண்ணன் பெயிண்ட் வேலை முடிஞ்சதும் புட்டித் தூசிய இதே மாதிரி மெஷின்ல இழுத்தார், ஒரு ரூம் முடியறதுக்குள்ள சூடாகி நின்னுடுச்சு. உள்ள தெர்மல் கட்டவுட் இருக்கும், காத்துப் பாதை அடைச்சா மோட்டார் எரியாம இருக்க தானா ஆஃப் ஆகும், ஆற விட்டா திரும்ப ஓடும். ஆனா அந்தப் பொடி ஸ்பாஞ்சுக்குள்ள போனா கழுவினாலும் முழுசா வராது. சேலத்துல சுண்ணாம்புக் கரடு பக்கம், மேக்னசைட்ங்கற வெள்ளைக் கல்லு வெட்டற ஏரியாவுல இருக்கிறவங்களுக்கும் இதே எச்சரிக்கைதான், அந்த வெள்ளைத் தூசிக்கு முதல்ல ஈரத்துணி, அப்புறம்தான் மெஷின்.

வாட்ஸ் பாத்து வாங்காதீங்க. 2000 வாட்ஸ்னு பெருசா போடறது மெஷின் திங்கற கரண்டு, இழுக்கிற பலம் இல்ல. ஐரோப்பாவுல 2014-ல 1600 வாட்ஸுக்கு மேல விக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, 2017-ல அதையும் 900 ஆக்கிட்டாங்க, அதுக்காக அங்க யார் வீட்டுத் தரையும் அழுக்கா இல்ல. வாய்ப்பகுதி தரையோட எப்படி பொருந்துது, காத்து எங்கயும் ஒழுகாம இருக்கா, அதுதான் பேசும். இன்னொண்ணு, 1600 வாட்ஸ்னா 7 ஆம்ப்ஸ் கிட்ட இழுக்கும், சின்ன 6 ஆம்ப்ஸ் பிளக்குல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஓட்டினா வயர் சூடாகுது, ஃப்ரிட்ஜ், ஹீட்டர் போடற பெரிய பிளக்குலதான் போடணும். இன்வெர்ட்டர்ல போடவே போடாதீங்க.

தினமும் தரை கூட்டறதுக்கு இது வராது, நான் வெளக்குமாறுதான். பெட்டி, ஹோஸ், வயர்னு இழுத்துக்கிட்டு நாலு ரூம் சுத்தறதுக்குள்ள கூட்டித் துடைச்சே முடிச்சுடலாம், சத்தமும் பேச்சு கேக்காத அளவுக்கு இருக்கு. இதோட நிஜமான வேலை பெட்டு, சோபா இடுக்கு, கொசுவலை, கட்டிலுக்கு அடி, பீரோ மேல, ஃபேன் றெக்கை. இலவம் பஞ்சு மெத்தை மேல சின்ன வாய்ப்பகுதிய மெதுவா, ஒரே இடத்துல ரெண்டு மூணு தடவை இழுத்தா டப்பாவுல சாம்பல் கலர்ல மாவு மாதிரி சேரும், நாம படுத்து எந்திரிக்கிற மெத்தையில இருந்து. வாரம் ஒரு தடவை இதை பண்ண ஆரம்பிச்சதுல இருந்து மாமியாருக்கு ராத்திரி இருமல் குறைஞ்சிருக்கு. மருந்தும் சேந்துதான் வேலை செய்யுது, மெஷின் மட்டும்னு சொல்ல மாட்டேன். உறையெல்லாம் சுடுதண்ணில துவைக்கிறதும் வெயில்ல போடறதும் விடல.

வெயில் காலத்துல ஸ்டீல் பைப்பு சுருக்குனு ஷாக் அடிக்கும், பயப்பட வேண்டாம், காஞ்ச காத்துல தூசி பிளாஸ்டிக் ஹோஸ்ல உரசி வர்ற ஸ்டாட்டிக்தான், டப்பா சுவர்ல பஞ்சு ஒட்டிக்கறதும் அதனாலதான். வயரை மஞ்சக் குறி வரைக்கும் இழுங்க, சிவப்புக் குறி தெரிஞ்சா அதுக்கு மேல இழுக்கக்கூடாது. ஹோஸ் கைப்பிடி சேர்ற இடத்துல எங்களுக்கு விரிசல் விட்டுச்சு, கம்பெனி சர்வீஸ்ல "அந்த பார்ட் இப்ப வர்றதில்ல"ன்னு கைய விரிச்சுட்டாங்க, போன் மேல போன் போட்டும் பலனில்ல, இதுல எனக்கு இன்னும் கோவம் போகல. அப்புறம் கருகின வாசனை வந்து சத்தம் மாறினப்ப, தறி மோட்டாருக்கு காயில் கட்டற கடைக்கே கொண்டு போனோம். அந்த அண்ணன் திறந்து பாத்து "அக்கா, மோட்டார் நல்லாத்தான் இருக்கு, உள்ள சுத்தற பாகத்துக்கு கரண்டு குடுக்கிற கார்பன் பிரஷ்தான் தேஞ்சிருக்கு"ன்னு மாத்திக் குடுத்தார், விரிசலுக்கும் சூடு பட்டா சுருங்கற ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு சுருக்கி விட்டார், இன்னைக்கு வரைக்கும் ஓடுது. வாங்கறதுக்கு முன்னாடி ஃபில்டரும் ஹோஸும் தனியா கிடைக்குமான்னு கேட்டு, முடிஞ்சா ஃபில்டரை அப்பவே கையோட வாங்கிடுங்க.

ஏற்காட்டுல இருக்கிற என் அக்கா இதையே வாங்கட்டுமான்னு கேட்டா, வேண்டாம்னு சொல்லிட்டேன். அங்க 1500 மீட்டர் உயரம், மழை மாசத்துல பனிமூட்டம் வீட்டுக்குள்ளயே வரும், துவைச்ச துணியே மூணு நாள் காயாது, ஸ்பாஞ்ச் ஃபில்டர் எங்க காயப்போகுது. கம்பளி, ரக்கு எல்லாம் ஈரம் புடிச்சு தூசிப் பூச்சி சேர்ற இடம் வேற, கொட்டறப்ப அதை மூக்குல வாங்கக்கூடாது. அவளுக்கு பை வச்ச மாடலே போதும், நிறைஞ்சா மூடியோட எடுத்துப் போட்டுட்டு புதுசு மாட்டிக்கலாம், பை மட்டும் சேலம் வர்றப்ப நாலஞ்சா வாங்கிட்டுப் போயிடுன்னு சொல்லியிருக்கேன்.