பண்டாரவளையில ஒரு பழைய மரச்சாமான் கடை: புது வீட்டுக்கு வாங்கினதும் வாங்காம விட்டதும்

பண்டாரவளைப் பக்கம் ஏழு பேர்ச் காணியில வீடு கெடச்சு லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருந்து மாறிப் போறவங்க, இல்ல டவுன்ல சின்னதா ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருக்கவங்க, அலுமாரி மேசை கதிரைன்னு தவணைக் கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி இந்தக் கடைக்கு ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாங்கன்னு சொல்லத்தான் இத எழுதுறேன். கடைக்குப் பெயர்ப்பலகை கெடையாது. ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போற பக்கம் கொஞ்சம் உள்ள தள்ளி தகரம் போட்ட நீளமான ஷெட், வெளிய எப்பவும் ரெண்டு மூணு பழைய கதவும் ஜன்னல் நிலையும் சாத்தி வச்சிருக்கும், பக்கத்துல யார்கிட்ட கேட்டாலும் நானா கடையான்னு கையக் காட்டி விடுவாங்க. நானான்னா கடை முதலாளி, முஸ்லிம் அண்ணன்மார அப்படித்தான் கூப்பிடுறது.

எங்க வீடு இந்திய அரசாங்க உதவியில தோட்டத்து ஆளுங்களுக்குக் கட்டுற இந்திய வீட்டுத் திட்டத்துல கட்டினது, 550 சதுர அடி, ரெண்டு ரூம், ஹாலு, குசினி, பாத்ரூம். பணிய (கீழ்) லயத்துல ஒரு காம்பராவுலயும் (ரூம்) இஸ்தோப்புலயும் (முன் திண்ணை) இத்தன பேர் இருந்த எங்களுக்கு இது எவ்வளவோ பெருசு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா இருந்த சாமானெல்லாம் கொண்டு வந்து வச்ச பிறகு பாத்தா ஹாலு அப்படியே வெறுமையா கெடக்கு, பேசினா எதிரொலி கேக்குது, சிமெந்துத் தரை காலைல கால் வைக்க முடியாத குளிர். அம்மா பொழுது சாஞ்சா குசினியில அடுப்புப் பக்கத்துலயே பலகையப் போட்டு உக்காந்துக்குவாங்க, ஹாலுக்கு வரவே மாட்டாங்க, அங்க உக்கார என்ன இருக்குன்னு கேப்பாங்க. கையில இருந்தது சீட்டு எடுத்த காசு 60,000 ரூபா, அதுக்குள்ள எல்லாத்தையும் முடிக்கணும்.

டவுன்ல மூணு கதவு மெலமைன் அலுமாரி ஒண்ணு கேட்டா 45,000க்குக் கொறஞ்சு இல்ல. 2024ல தோட்டத்துல நாள் சம்பளம் 1,350 ஆக்கினாங்க, அந்தக் கணக்குல பாத்தா ஒரு அலுமாரிக்கு ஒரு மாசத்துக்கும் மேல ஒரு நாள் விடாம மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகணும், அதுவும் கழிக்கிறது எதையும் கழிக்காம. அவ்வளவு குடுத்து வாங்கறது எத்தன வருஷம் நிக்கும்னு பாக்கணும் இல்லையா. எங்க அக்கா வீட்டுல தவணைக்கு எடுத்த அலுமாரி (எந்தக் கடைன்னு சொல்ல வேணாம்) தவணை கட்டி முடியிறதுக்கு முன்னாடியே அடிப்பக்கம் ஊதி, கதவு கீல் கழண்டு, இப்ப ஒரு கதவக் கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கு. அது அக்கா பிழையில்ல. அந்தப் பலகை மரத்தூளையும் சிராயையும் பசை போட்டு அழுத்திச் செய்யிறது, மேல ஒட்டியிருக்க வழுவழுப்பான தோலுக்குத் தண்ணி ஏறாது, ஆனா ஓரத்துலயும் ஸ்க்ரூ போட்ட ஓட்டையிலயும் ஈரம் உள்ள போயிடும், போனா ஊதும், ஊதினது திரும்ப வத்தாது, அதுக்கப்புறம் அந்த இடத்துல ஸ்க்ரூ பிடிக்கவே பிடிக்காது. கொழும்புல அது பத்து வருஷம் நிக்கலாம். நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகையில மூடுபனி வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்கும், மலைய வெட்டி மட்டம் பண்ணிக் கட்டின வீட்டுல மண்மேட்டுப் பக்கத்துச் சுவர் வருஷம் பூரா ஈரந்தான்.

நானா கடையில எனக்கு முதல்ல பிடிச்ச விஷயம், அவர் விக்கிறதுக்கு அவசரப்படல. நான் ஒரு பெரிய அலுமாரியக் காட்டி இது என்ன வெலன்னு கேட்டதும் "தங்கச்சி, வெலைய விடுங்க, ஒங்க வீட்டுக் கதவு எத்தன அடி அகலம், உள்ள போனதும் எந்தப் பக்கம் திருப்பணும்"னு கேட்டாரு. அளவு எடுத்துட்டு வரலன்னதும் ஒரு பழைய டேப்ப கையில குடுத்து நாளைக்கு வாங்கன்னு அனுப்பி வச்சாரு. டேப்புக்குக் காசு வாங்கல. அடுத்த தடவ போனப்ப அந்தப் பெரிய அலுமாரி எங்க கதவுக்குள்ள நுழையாதுன்னு அவரே சொல்லி உள்ளுக்கு இருந்த வேற ஒண்ணக் காட்டினாரு. பலா மரம், ரெண்டு கதவு, அடியில ஒரு நீள லாச்சி (இழுப்பறை). பலா புதுசுல மஞ்சளா இருக்கும், வருஷம் போகப் போக செம்புக் கலருக்கு வந்துடும், இது நல்லாக் கறுத்துப் போயே இருந்துச்சு, பழசுன்னா அவ்வளவு பழசு.

லாச்சிய முழுசா வெளிய இழுத்துக் கவுத்துப் போட்டுக் காட்டினாரு. ரெண்டு பலகை சேர்ற மூலையில ஆணியே இல்ல, ரெண்டு கை விரலக் கோத்துப் பிடிச்ச மாதிரி பலகையும் பலகையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஏறி நிக்குது. அடிப்பலகையில குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டை நாலஞ்சு இருந்துச்சு, வண்டு ஓட்டை. எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. நானா ஒரு கறுப்புத் துணிய விரிச்சு மேல அந்தப் பலகையத் தட்டினாரு, துணியில ஒண்ணும் விழல. உள்ள வண்டு உசுரோட இருந்தா மா மாதிரி வெள்ளையா தூள் கொட்டும், கொட்டலன்னா அது எப்பவோ வந்துட்டுப் போன ஓட்டைன்னு சொன்னாரு. பக்கத்துல இருந்த சபுக்கு மரக் கட்டில அதே மாதிரித் தட்டிக் காட்டினப்ப தூளாக் கொட்டிச்சு, இத வாங்காதீங்க, இன்னும் மருந்து அடிக்கலன்னு அவர் வாயாலயே சொன்னாரு. நான் எந்தக் கடையிலயும் இத மாதிரி ஒரு முதலாளியப் பாத்ததில்ல. நீங்க வேற எங்க பழைய மரம் வாங்கினாலும் இந்தத் துணி விஷயத்த மட்டும் மறக்காம செய்யுங்க.

24,000 சொன்ன அலுமாரிய 22,500க்குக் குடுத்தாரு. அதோட ஒரு சாய்மானம் வச்ச வாங்கு (பெஞ்சு) 5,000, வலை அடிச்ச சாப்பாட்டு அலுமாரி 8,000, ஓரம் கொஞ்சம் மங்கிப்போன ஆளுயரக் கண்ணாடி 3,000. கண்ணாடிய ஜன்னலுக்கு நேர் எதிர்ல மாட்டச் சொன்னதும் நானாதான், மூடுபனி நாள்ல பகல்லயே லைட் போட்டுக்கிட்டிருந்த ஹாலு இப்ப கரண்ட் இல்லாமலே வெளிச்சமா இருக்கு, 3,000 ரூபாவுக்கு இதவிட வேற எதுவும் அந்த ஹாலுக்குச் செஞ்சிருக்க முடியாதுன்னு எனக்குத் தோணுது.

அலுமாரியப் பாக்க அம்மாவையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். அம்மா சின்னப் பிள்ளையா இருந்தப்ப தொரை பங்களாவுல வேலைக்கு நின்னவங்க. கடைக்குள்ள வந்து ஒண்ணும் பேசல, அலுமாரிக் கதவோட பித்தளைப் பிடிய முந்தானையால ரெண்டு தடவ துடைச்சாங்க, பிறகு இதுக்கு எலுமிச்சம் பழமும் சாம்பலும் போட்டா பளபளன்னு வந்துடும்னு சொன்னாங்க. பங்களாவுல அவங்க துடைச்சதும் இதே மாதிரி ஒண்ணுதானாம். இப்ப அதுல அவங்க சேலை இருக்கு.

சரி, குறையும் சொல்லணும். சாமான் கொண்டு வந்து குடுக்கிறது மோசம், அத ஒளிக்காமச் சொல்றேன். பட்டா லொறிக்கு (சின்ன லொறி) 3,500 வாங்கிட்டு டிரைவர் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கிட்ட நிப்பாட்டிட்டு இதுக்கு மேல ரோட்டு சரியில்ல, லொறி ஏறாதுன்னுட்டான். ரோட்டு சரியில்லதான், ஆனா காசு வாங்கும்போது அத யாரும் சொல்லல. வேல முடிஞ்சு வந்துக்கிட்டிருந்த பக்கத்து வீட்டு மாமாவும் மேட்டு லயத்துப் பொடியன்களும் சேர்ந்து கொழுந்து மலைக்கு நடுவுல குறுக்குப் பாதையில தூக்கிக்கிட்டு வந்தாங்க, பலா மரம் என்ன பாரம்னு அன்னைக்குத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சது. பிறகு நானாகிட்ட சொன்னப்ப 1,000 ரூபா திருப்பிக் குடுத்தாரு. நீங்க வாங்கினா லொறி வீட்டு வாசல் வரைக்கும் வருமான்னு முன்கூட்டியே பேசி முடிச்சுக்குங்க.

இன்னொண்ணு பாலிஷ். கடையில மர வேல செய்யிற பாஸ் (தச்சர்) கை சுத்தமான கை, ஆனா அடிக்கிறது பழைய முறை அரக்குப் பாலிஷ், பாக்க அழகு, சூடு தாங்காது. வாங்கோட கையில அப்பா சூடா தேத்தண்ணிக் கோப்பைய வச்சாரு, வெள்ளையா வட்டம் விழுந்துடுச்சு. மழை நாள்ல அடிச்சாலும் அது மங்கலா வெளுத்துப் போகும். வாங்குக்கும் மேசைக்கும் வார்னிஷ் அடிச்சுத் தரச் சொல்லுங்க, அலுமாரிக்கு மட்டும் பாலிஷ் போதும், வெயில் நாளா பாத்து அடிக்கச் சொல்லுங்க.

வெலச் சீட்டு எதுலயும் ஒட்டியிருக்காது, அது எனக்குப் பிடிக்கல. எல்ல பக்கம் கெஸ்ட் ஹவுஸ் நடத்துறவங்க வந்து பங்களாக் கதிரை, பழைய கட்டில் எல்லாம் அள்ளிக்கிட்டுப் போறாங்க, அதனால நல்ல சாய்வு நாற்காலியெல்லாம் இப்ப நம்ம கைக்கு எட்டாத வெலைக்குப் போயிடுச்சு. ஆனா வீட்டுக்குத்தான் வாங்குறோம், தோட்டத்து ஆளுன்னு சொன்னா நானா கொறைச்சுத்தான் சொல்றாரு, பேசிப் பாருங்க, கூச்சப்பட வேணாம்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு செய்ய வேண்டியதையும் அவரே சொல்லிவிட்டாரு. மண்மேட்டுப் பக்கத்துச் சுவர்ல அலுமாரிய வைக்கக் கூடாது, உள் சுவர் பக்கமா வச்சு, அங்கயும் நாலு விரல் இடைவெளி விட்டு காத்துப் போக விடணும். காலுக்கு அடியில உடஞ்ச டைல் துண்டு வைக்கணும், தரையக் கழுவும்போது மரம் தண்ணி குடிக்காது. மழை காலத்துல மரம் ஊறி லாச்சி இறுகும், வறண்ட கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல வத்தி லூசாகும், இறுகுதேன்னு யாரும் சீவிடாதீங்க, மெழுகுதிரிய எடுத்து லாச்சி ஓடுற ஓரத்துல நல்லாத் தேச்சு விட்டா போதும். நாங்க தேச்சோம், தங்கச்சியோட சின்ன மகன் ஒத்தக் கையால இழுத்து மூடி விளையாடுறான்.

மிச்சக் காசுல செஞ்சது சின்ன வேலைகள்தான். சந்தையில காமன்ட் (உடுப்பு ஃபேக்டரி) வெட்டுத் துணி கிலோ கணக்குல விக்கிறாங்க, அதுல ஒரே கலர் சாயலாப் பொறுக்கி அம்மாவே ஜன்னலுக்குத் திரையும் வாங்குக்கு மெத்தை உறையும் தச்சாங்க. ஹாலுக்கு வெள்ளை பல்ப கழட்டிட்டு மஞ்சள் வெளிச்சம் வர்ற எல்ஈடி போட்டோம். தரைக்குத் தும்புப் பாய் ஒண்ணு, அதுல கால் வச்சா குளிர் ஏறாது. வாசல்ல பெயின்ட் வாளியில டேலியா. சுவருக்குப் பெயின்ட் அடிக்க இந்த வருஷம் காசு இல்ல, ஈரம் போற சுவருக்குச் சுண்ணாம்பே நல்லதுன்னு அப்பா சொல்லி சுண்ணாம்புதான் அடிச்சோம், ஈரம் உள்ள அடைபடாம வெளிய போயிடுது, இன்னும் ஒரு இடத்துலயும் தோல் உரியல.

இப்ப பொழுது சாஞ்சா அம்மா அந்த வாங்குல வந்து உக்காந்து கடலை உரிச்சுக்கிட்டு டீவி பாக்குறாங்க, பக்கத்து வீட்டு மாமியும் வந்துடுறாங்க.

கடைக்குப் போறவங்க கதவு அளவு, ரூம் அளவு, ஜன்னல் எந்தப் பக்கம் இருக்குன்னு ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்குப் பூட்டியிருக்கும், ஞாயித்துக்கிழமை சந்தை நெரிசல்ல நானாவுக்கு நின்னு பேச நேரம் இருக்காது, அதனால வார நாள்ல காலையில போறதுதான் வசதி. மாசக் கடைசியில போனா உள்ளுக்கு அடுக்கி வச்சிருக்கதையும் கேட்டுப் பாருங்க, நல்லது எல்லாம் பெரும்பாலும் பின்னாலதான் இருக்கு.