கியர் ஆயில் மாற்றக் கொடுத்து 18,700 ரூபாய் போனது: பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

பில் கையில் இருக்கிறது. 18,700 ரூபாய். வண்டி வாசலில் நிற்கிறது. மூன்றாவது கியர் விழுகிற நேரத்தில் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி இழுப்பதில்லை. இருபது நாளைக்கு முன்னால் இதே வண்டியில்தான் நான் தினமும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 2010 மாடல் ஹோண்டா சிட்டி, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். 2016-ல் கூட வேலை பார்த்தவர் ஒருவரிடம் வாங்கினேன். இப்போது 1,62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இடது கணுக்காலில் பிளேட் வைத்த பிறகு என்னால் கிளச் மிதிக்க முடியாது, அதனால் இந்த வண்டிதான் எனக்குக் கால். அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் இதில்தான்.

கொஞ்ச நாளாகக் காலையில் முதல் தடவை ரிவர்ஸ் போட்டால் ஒரு நொடி தாமதித்து, டொக்கென்று விழும். மற்றபடி ஒரு குறையும் இல்லை. என் கைக்கு வந்த பிறகு கியர் ஆயில் மாற்றியதே இல்லை என்று உறைத்தது. அதற்கு முன்னால் மாற்றினார்களா என்பதற்கும் ரசீது கிடையாது. வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போய் சர்வீஸ் செய்து திரும்பக் கொண்டுவந்து விடும் ஆப் ஒன்றில் பதிவு செய்தேன். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை.

வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தான், கண் ஆபரேஷன் எப்போது என்று கேட்டான். அப்புறம் பானெட்டைத் திறந்து, கியர் ஆயில் அளவுக் கம்பியை உருவி, வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு வைத்துக் காட்டினான். "பாருங்கக்கா, இது செவப்பா இருக்கோணும். டிகாக்‌ஷன் மாதிரி இருக்குது."

ரொம்ப ஓடின வண்டியில் கியர் ஆயிலைத் தொட்டால் கியர் வழுக்க ஆரம்பிக்கும் என்று பலர் சொல்லி நானும் கேட்டிருக்கிறேன். அதை அவனிடம் நேராகவே கேட்டேன். சிரித்தான். "அதெல்லாம் அந்தக் காலத்து மெக்கானிக்குங்க பயமுறுத்தறதுங்கக்கா. மிஷின்ல போட்டா பழசு மொத்தமும் வெளிய வந்துரும். கம்பெனி ஆயில் ஊத்திருவோம். உங்க வண்டின்னு நெனைக்கல, எங்க அக்கா வண்டின்னு நெனச்சுத்தான் பண்றேன்."

"டிடபிள்யூ-1 தானே?" என்று கேட்டேன். நான் சும்மா கேட்கவில்லை, முந்தின நாள் ராத்திரி படித்துவைத்திருந்தேன். என் வண்டி வந்த காலத்தில் ஹோண்டா கொடுத்த கியர் ஆயில் இசட்-1. அதற்குப் பதிலாகப் பின்னால் வந்தது டிடபிள்யூ-1. "ஆமாங்கக்கா, சீல் கேன். ஊத்தறதையே வீடியோ எடுத்து அனுப்பறேன்" என்றான். அந்த வீடியோ என்ற வார்த்தையில்தான் விழுந்தேன். ஏமாற்றுகிறவன் வீடியோ அனுப்புவானா என்று நினைத்தேன். முழுப் பணமும் முதலிலேயே கட்டினால் 1,500 தள்ளுபடி என்றான். அங்கேயே நின்று போனில் 18,700 ரூபாய் அனுப்பினேன்.

சாயங்காலம் வண்டி வந்தது. வீடியோவும் வந்தது. மிஷினின் கண்ணாடிக் குழாயில் கருப்பு போய்ச் சிவப்பு வருகிறது. பார்க்க நிம்மதியாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் அம்மாவோடு மருதமலை போனேன். மலைப்பாதையில் ஏறும்போது ஒரு வளைவில் இன்ஜின் திடீரென்று இரைந்தது. இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் 4,000-ஐத் தாண்டுகிறது, வண்டி நின்ற இடத்திலேயே முனகுகிறது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறான். அம்மா கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "முருகா முருகா" என்கிறார். பின்பக்கமாக நழுவவில்லை, அது ஒன்றுதான் புண்ணியம்.

அன்றைக்கே கூப்பிட்டேன். "புது ஆயில் செட்டாகணும் மேடம், 200 கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டினேன், மோசமானது. மறுபடி கூப்பிட்டேன். "வேலை செஞ்சது பார்ட்னர் கேரேஜ் மேடம், அவங்ககிட்ட பேசுங்க." கேரேஜில் கேட்டால், "நாங்க கஸ்டமர்கிட்ட நேரா பேசறதில்லைங்க, ஆப்ல போடுங்க." ஆப்பில் போட்டால் ஒரு மணி நேரத்தில் "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று செய்தி வந்து புகார் மூடிக்கொள்கிறது. மூன்று தடவை இப்படி மூடினார்கள். காலி கேனையாவது காட்டுங்கள் என்றேன், பழைய இரும்புக்குப் போட்டாச்சு என்றார்கள். கடைசியில் ஒரு மேலாளர் வந்து, "பதினாறு வருஷ வண்டி மேடம், ஏற்கனவே கியர்பாக்ஸ் போயிருக்கும், ஆயில் மாத்தினதும் தெரிஞ்சிருக்கு" என்றார். பணம் வாங்கும்போது வண்டிக்கு வயது தெரியவில்லையா? அக்கா என்று கூப்பிட்ட பையன் என் எண்ணை எடுப்பதே இல்லை.

அப்புறம் கோவை கணபதி பக்கம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் போனேன். முதல் நாளே போயிருக்க வேண்டும். வண்டியைச் சூடாகும்வரை ஓட்டிவந்து, சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஒரு நிமிஷம் பொறுத்துக் கம்பியை உருவினார். மேல் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே ஆயில், அதிலும் நுரை. "ஏனுங்க அம்மிணி, இத்தனை ஊத்தி வச்சிருக்கானுவ?" என்றார். அளவு கூடினால் உள்ளே சுற்றுகிற சக்கரங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை அழுத்தத்தைக் கடத்தாது, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளச் பிளேட்டுகள் வழுக்கும் என்றார்.

கீழே திருகைக் கழற்றினார். அதன் முனையில் ஒரு காந்தம் இருக்கிறது. அதில் கண்மை மாதிரி கருப்புக் குழைவு ஒட்டியிருந்தது. அது எல்லா வண்டியிலும் இருக்கும், பயமில்லை என்றார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். குழைவுக்குள் மினுமினுவென்று சின்னச் சின்னச் செதில்கள். அவர் முகம் மாறியது. அதுதான் பயப்பட வேண்டியது.

கியர் ஆயில் இன்ஜின் ஆயில் மாதிரி வழுவழுப்புக்கு மட்டும் இல்லை என்பதை அவர் சொல்லித்தான் புரிந்துகொண்டேன். அழுத்தத்தைக் கடத்திக் கியரை மாற்றுவதும் அதுதான், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான். கிளச் பிளேட்டுகள் எவ்வளவு வழுக்கி எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதே அதில் கலந்திருக்கும் மருந்தைப் பொறுத்தது. அதனால்தான் ஒரு கம்பெனி வண்டிக்கான ஆயில் இன்னொன்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகிறது. பல வருஷம் ஆயில் மாற்றாத கியர்பாக்ஸில் மிஷினை மாட்டித் தள்ளினால், ஓரத்தில் படிந்து கிடந்த அழுக்கு கிளம்பி வால்வுகளின் சின்னத் துவாரங்களில் போய் உட்காரும் என்றார். "மாத்தறது தப்பில்லீங்க அம்மிணி, மாத்துன முறை தப்பு." திருகைக் கழற்றினால் தானாக எவ்வளவு இறங்குகிறதோ அதை மட்டும் இறக்க வேண்டுமாம். என் வண்டியில் அது சுமார் இரண்டரை லிட்டர். பாதிக்கு மேல் டார்க் கன்வெர்ட்டரிலும் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ளேயும் தங்கிவிடும். இறங்கிய அளவே புதுசு ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி இறக்கி, இப்படி மூன்று தடவை. நிதானமான வேலை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஏழாவது நொடியில் கேமரா கொஞ்சம் விலகுகிறது. மிஷினுக்குப் பின்னால் ஒரு நீல பேரல். நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தால், எல்லா வண்டிக்கும் ஏற்றது என்று எழுதியிருக்கிறது. மிஷினின் குழாய் அதற்குள்தான் போகிறது. சீல் கேன் எங்கேயும் இல்லை. என்னை நம்பவைக்க அனுப்பிய வீடியோவிலேயே இருந்திருக்கிறது, நான்தான் சிவப்பு நிறத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். பில்லை எடுத்துப் பார்த்தேன். "ஏடிஎஃப் 10 லிட்டர்" என்று மட்டும் இருக்கிறது. ஏடிஎஃப் என்றால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், அவ்வளவுதான்; எந்த ஆயில் என்றே போடவில்லை. அதற்கு 18,700 ரூபாய்.

பெரியவர் சரியான ஆயில் வாங்கிவரச் சொல்லி இரண்டு தடவை இறக்கி ஊற்றியிருக்கிறார். ரிவர்ஸ் தேவலை. மூன்றாவது கியர் இன்னும் வழுக்குகிறது. மூன்றாவது தடவைக்கும் சரியாகவில்லை என்றால் பெட்டியைப் பிரித்து கிளச் பிளேட் மாற்ற வேண்டும், 80,000 வரை ஆகும் என்கிறார். அந்தப் பணம் என்னிடம் இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முழுப் பணத்தை முன்னால் கட்டாதீர்கள். ஆயிலை நீங்களே வாங்கிக் கொடுங்கள், பக்கத்தில் நின்று ஊற்றச் சொல்லுங்கள். பழைய வண்டிக்கு மிஷின் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இறக்கியது எவ்வளவு, ஊற்றியது எவ்வளவு என்று அளந்து பில்லில் ஆயிலின் பெயரோடு எழுதி வாங்குங்கள். கியர் ஏற்கனவே வழுக்குகிறது என்றால் ஆயில் மாற்றி அதைச் சரிசெய்துவிடலாம் என்று நம்பாதீர்கள், முதலில் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அளவு பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி வேறு, சில வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும், கையேட்டைப் பாருங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டேன். அடுத்தது கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வீடியோ, பில், மூன்று தடவை மூடிய புகாரின் படங்கள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். இதே மாதிரி வீட்டுக்கு வந்து வண்டி எடுத்துப்போன ஆளிடம் கியர் ஆயில் மாற்றி அவதிப்படுகிறவர்கள் கோவையில் வேறு யாராவது இருந்தால், பில்லைத் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.