நின்றுபோன நாவலுக்கு ஒரு பெட்டி அட்டைகள்: 'ஒப்ளீக் ஸ்ட்ராட்டஜீஸ்'

கதை எழுதுகிறவர்களுக்கென்றே விற்கப்படும் பொருட்கள் மீது எனக்குப் பெரிதாக நம்பிக்கை கிடையாது. 'ஒப்ளீக் ஸ்ட்ராட்டஜீஸ்' (சுற்றுவழி உத்திகள்) என்ற இந்தப் பெட்டி கதை எழுதுகிறவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டதும் இல்லை. ஆனால் பாதியில் நின்றுபோயிருந்த என் நாவலை மறுபடி நகர வைத்தது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கறுப்புப் பெட்டி, உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓரிரு வரி, சிலவற்றில் ஒரே ஒரு சொல். அவ்வளவுதான். இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் சேர்ந்து 1975இல் வெளியிட்டார்கள். முதல் பதிப்பு 500 பெட்டிகள்தான். வேலை முட்டி நிற்கும்போது தங்களுக்குத் தாங்களே நினைவுபடுத்திக்கொள்ள இருவரும் தனித்தனியாகக் குறிப்புகள் எழுதி வந்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்த்தபோது ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தனவாம். ஸ்டுடியோ பதற்றத்தில் மூளை ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், வேறு வழி இருப்பதே மறந்துபோகும் என்பது ஈனோவின் அனுபவம். நாவலின் நடுவில் மாட்டிக்கொண்டு அதே பத்தியை மறுபடி மறுபடி அடித்து எழுதியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குலுக்கி ஒன்றை எடுக்க வேண்டும். அது எப்படிப் பொருந்துகிறது என்று புரியாவிட்டாலும் அதை நம்ப வேண்டும் என்கிறது கூடவே வரும் குறிப்பு. பெட்டியின் பலம் முழுக்க இந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. பிடிக்காத அட்டையை உள்ளே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தால், ஏற்கெனவே நம் மனதில் இருப்பதைச் சொல்லும் அட்டை வரும்வரை எடுத்துக்கொண்டே இருப்போம். இதே வரிகளைக் காட்டும் செயலிகளும் உண்டு. ஆனால் போனில் அடுத்த வரிக்குப் போக ஒரு தட்டு போதும், கையும் தட்டிவிடும். மேஜைமேல் கிடக்கும் அட்டையை அப்படித் தாண்டிப் போக முடிவதில்லை.

என் நாவல் நின்ற இடம் இது. பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி, அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவன் அழ வேண்டும், அவள் மன்னிக்க வேண்டும். எத்தனை விதமாக எழுதினாலும் இருவரும் மனப்பாடம் செய்துவைத்த வசனம் பேசுவது போலவே இருந்தது. எடுத்த அட்டை சொன்னது: மிகவும் கூச வைக்கும் விவரங்களை உற்றுப் பார், அவற்றைப் பெரிதாக்கு.

முதல் வரைவில் ஒரு வரி இருந்தது. தம்பி அழுதுகொண்டிருக்கும்போது அக்காவின் கண் அவன் பெட்டிக்குப் போகிறது: எவ்வளவு பெரியது, எத்தனை நாள் தங்குவான்? அவளை அற்பமானவளாகக் காட்டுகிறதே என்று அந்த வரியை அடித்திருந்தேன். அட்டை சொன்னபடி அதையே நடுவில் வைத்து அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். பெட்டியை உள்ளே கொண்டுவருவதா, நடையிலேயே விடுவதா என்று அவள் தயங்குகிறாள். தம்பி அதைக் கவனித்துவிடுகிறான். தானாகவே பெட்டியை வாசலுக்கு வெளியே தள்ளி வைக்கிறான். மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை. அதற்கு மேல் அந்த இரண்டு பேரும் எனக்காகப் பேசுவதை நிறுத்திவிட்டு அவர்களுக்காகப் பேச ஆரம்பித்தார்கள். எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

இன்னொரு முறையை இசைக்காரர்களிடமிருந்தே எடுத்துக்கொண்டேன். 1977இல் பாடகர் டேவிட் போவியின் 'ஹீரோஸ்' ஆல்பத்தில் ஓர் இசைத்துண்டு செய்தபோது போவியும் ஈனோவும் ஆளுக்கொரு அட்டை எடுத்து, அடுத்தவரிடம் சொல்லாமலே மாறி மாறி வேலை செய்தார்களாம். ஈனோவின் அட்டை எல்லாவற்றையும் கூடியவரை ஒரே மாதிரி ஆக்கச் சொன்னது. போவியின் அட்டை வேறுபாடுகளை அழுத்திக் காட்டச் சொன்னது. உரையாடல் எழுத இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. காட்சியில் இருக்கும் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு அட்டை கொடுங்கள். ஒருவரின் அட்டை மற்றவருக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஒருவர் கேட்பதற்கு மற்றவர் நேராகப் பதில் சொல்வது தானாகக் குறையும், காட்சிக்கு உயிர் வரும்.

குறைகளும் உண்டு. இது ஸ்டுடியோவில் பிறந்த பொருள் என்பது சில அட்டைகளில் அப்பட்டமாகத் தெரியும். வாத்தியங்களின் வேலையை மாற்று என்று ஒன்று வந்தது. அதைக் கதைசொல்லியை மாற்று என்று வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சிறுவனின் பார்வையில் ஒரு பகுதியை எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. எல்லா அட்டையும் இப்படி வளைந்து கொடுக்காது. எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் ஒன்றும் செய்யாதே என்றும் ஓர் அட்டை உண்டு. கெடு நெருங்கும் நேரத்தில் அது வந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

முக்கியமாக ஒன்று: வெற்றுத்தாளோடு உட்கார்ந்திருப்பவருக்கு இது அவ்வளவாக உதவாது. குலைத்துப் போட ஏதாவது இருந்தால்தானே அட்டை குலைக்கும்? ஒரு மோசமான வரைவாவது கையில் இருக்க வேண்டும். அது இல்லாதவர்கள் முதலில் எதையாவது எழுதிச் சேர்த்துக்கொள்வது நல்லது, அப்புறம் வாங்கலாம். உடல் சோர்ந்தோ மனம் உடைந்தோ எழுத்து நின்றிருந்தால் அதற்கு வேண்டியது ஓய்வு. அட்டைகளிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

வரைவு இருக்கிறது, ஆனால் உயிரில்லை என்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். கொஞ்ச நாள் பழகியதும் உங்கள் சொந்த அட்டைகளையும் எழுதிச் சேருங்கள். ஈனோவும் ஷ்மிட்டும் செய்ததும் அதைத்தானே. என் பெட்டியில் நான் சேர்த்தவற்றில் இப்போது அடிக்கடி உதவுவது: 'இந்தக் காட்சியில் யாருக்கு வீட்டுக்குப் போக அவசரம்?'