நல்லூர் இராசதானியைச் சுற்றிப் பார்த்த ஒரு காலை

கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த பேரனுக்காகத்தான் பதிவு செய்தேன். யாழ்ப்பாணத்து நல்லூரில் இளம் பிள்ளைகள் சிலர் நடத்தும் அரைநாள் சுற்றுலா அது. ஓட்டோவில் கூட்டிப் போகிறார்கள். ஆளுக்கு 2500 ரூபாய், தேத்தண்ணியும் வடையும் அதற்குள் அடக்கம். நாற்பது வருடம் நொத்தாரிசு கந்தோரில் உறுதி எழுதியவன் நான். இந்த ஊர்க் கதையில் எனக்குத் தெரியாதது அதிகம் இருக்காது என்று நினைத்து ஏறினேன். அது பிழை.

முத்திரைச் சந்தியில், சங்கிலியன் சிலையடியில் காலை ஆறரைக்குத் தொடங்கினோம். வழிகாட்டியாக வந்த பிள்ளை சிலையைப் பற்றி இரண்டு வசனம்தான் சொன்னாள். பிறகு ஒரு நாணயத்தின் பெரிய படத்தை எடுத்துப் பேரனின் கையில் கொடுத்தாள். படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே "சேது" என்ற சொல். "ராசா தன்ர பேரைப் போடாமல் ஏன் சேது எண்டு போட்டவர், தம்பி?" என்று கேட்டாள்.

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் தங்களைச் சேதுகாவலர், அதாவது இராமர் அணையின் காவலர், என்றே சொல்லிக்கொண்டார்கள். தாங்கள் இராமேசுவரத்துப் பிராமணர் வழி, அந்த மதிப்பை இராமனே தந்தான் என்பது அவர்களுடைய வம்சக் கதை. யானையும் முத்தும் வாங்க வந்த வணிகன் கையில் காசு ஏறும்போது அந்தக் கதையும் கூடவே ஏறியது. அரியணைப் பெயர்களும் அப்படித்தான். ஒருவர் செகராசசேகரன் என்றால் அடுத்தவர் பரராசசேகரன். ஆள் மாறினாலும் பெயர் மாறி மாறி அதேதான்.

ப வடிவில் இருக்கும் யமுனா ஏரிக் கரையில் நின்று, "அரண்மனை எங்கே?" என்று பேரன் கேட்டான். சுவர் ஒன்றும் மிச்சமில்லை. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி, வடக்கே சட்டநாதர், தெற்கே கைலாசநாதர் என்று கையை நீட்டி நீட்டி இராசதானியின் எல்லையைக் காட்டினாள் அந்தப் பிள்ளை. நான் எழுபது வருடமாகக் கும்பிடுகிற கோயில்கள். அவற்றைச் சேர்த்து ஒரு நகரமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அரண்மனை வாசல் என்று ஊர் சொல்லும் சங்கிலியன் தோப்பு வளைவு ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தது என்றே கருதப்படுகிறது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அதற்காகவே அவளை மெச்ச வேண்டும்.

கந்தசுவாமி கோயிலில் பூசை நேரம். மேற்சட்டையைக் கழற்றி உள்ளே போய், பூசையில் உரக்கச் சொல்லும் புகழ்மொழியான கட்டியத்தைக் கேட்கச் சொன்னாள். அதில் புவனேகபாகு என்ற பெயர் இன்றைக்கும் வருகிறது. செண்பகப் பெருமாள் என்ற சப்புமல் குமாரயா, தெற்கே கோட்டை இராச்சியத்து அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவுக்காக 1450 அளவில் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவன். பின்னாளில் புவனேகபாகு என்ற பெயரில் கோட்டையில் முடிசூடியவன். கோயிலைக் கட்டினானா, திருத்தினானா என்ற வாதம் ஓயவில்லை. ஊரைப் பிடிக்க வந்தவன் ஊரின் கோயிலில் பெயர் பதித்துவிட்டான்.

பறங்கியர் (போர்த்துக்கீசர்) முதலில் அரச குடும்பத்தை வைத்தே ஆண்டார்கள். 1591 இல் அரசனைக் கொன்றுவிட்டு, எதிர்மன்னசிங்கத்தை அரியணையில் ஏற்றினார்கள். 1619 இல் கடைசி அரசன் சங்கிலி குமாரனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்ற பிறகு அந்தப் பாவனையும் தேவைப்படவில்லை. 1621 இல் பறங்கியத் தளபதி ஒலிவேரா கோயிலை இடித்தான், ஆட்சியிடம் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாறியது. இதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் குரல் இறங்கிவிட்டது. பருத்தித்துறை வீதி பஸ் இரைச்சலில் பாதி கேட்கவில்லை. சின்ன ஒலிபெருக்கி ஒன்று வைத்துக்கொண்டால் நல்லது.

குறை யாழ்ப்பாணக் கோட்டையில்தான். இருபது நிமிடம், கொளுத்தும் வெயில், ஐங்கோண மதில், பீரங்கி, படம் எடுத்தல், சரி, முடிந்தது. 1658 இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரின் ஆட்சி மதிலால் மட்டும் நிலைத்துவிடவில்லை. காணி யாருடையது, வரி எவ்வளவு என்று பறங்கியர் எழுதத் தொடங்கிய தோம்பை இவர்களும் தொடர்ந்து எழுதினார்கள். 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் வழக்கங்களைத் தேசவழமையாகத் தொகுத்தான். உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரி என்ற பிறகே அது சட்டமானது. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) எல்லாம் எங்கள் சொற்கள். வழக்கு எங்களுடையது, தீர்ப்புச் சொல்லும் கதிரை அவர்களுடையது. நான் எழுதிய உறுதிகளில் எத்தனையோ அந்தச் சொற்களின் மேல்தான் நிற்கின்றன. கோட்டைக்குள் நின்று இதைச் சொல்லாமல் விடலாமா?

அந்தப் பிள்ளையிடமே சொன்னேன். "ஐயா, கொஞ்சம் மெல்லச் சொல்லுங்கோ" என்று கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினாள். ஓட்டோவை நிழலில் விட்டு அரைமணி நேரம் இருந்து கதைத்தோம்; அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

முதல்நாளே சொல்லி வைக்க வேண்டும். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோங்கள். ஆண்கள் வேட்டியோடு போனால் கோயிலில் வசதி. அடுத்த மாதம் கொழும்பிலிருந்து என் தங்கச்சி வருகிறாள். இரண்டு பேருக்குப் பதிந்திருக்கிறேன், தோம்புக்கு நேரம் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.