கைத்தையலா, இயந்திரத் தையலா?

குவில்ட் என்னும், பஞ்சு வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்காகச் சிவப்பு, வெள்ளை, நீலத் துணிக் கட்டங்களை இணைத்தாயிற்று. குழுவினர் அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4-க்குள் குவில்ட்டை முடித்தாக வேண்டும். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் மிச்சம்.

கைத்தையலின் அழகே தனி. ஆனால் எட்டு முனை நட்சத்திரத்தின் நடுவில் தையல் மடிப்புகள் குவிந்து மேடு தட்டியிருக்கும். அங்கே ஊசி எளிதில் இறங்காது, விரல்தான் புண்ணாகும். கட்டத்துக்குக் கட்டம் வடிவம் மாறும் குவில்ட்டில் இத்தகைய மேடுகள் ஏராளம். இயந்திரம் அவற்றைப் பொருட்படுத்தாது. அடித்துணி சுருங்காமலிருக்க, அடுக்குகளை ஒரே சீராக நகர்த்தும் தனிப் பாதம் (இயந்திரத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) மட்டும் வேண்டும்.

அமெரிக்க ராணுவத்தினருக்குக் குவில்ட்களை வழங்கும் குவில்ட்ஸ் ஆஃப் வேலர் அமைப்பு இரண்டையும் ஏற்கிறது; அடுக்குகளைத் தைக்காமல் நூல் முடிச்சால் கட்டியதைத்தான் ஏற்பதில்லை.

கெடு நெருங்குவதால் நான் இயந்திரத்தின் கட்சி. கைத்தையல் ஆசையை விளிம்புப் பட்டியில் தீர்த்துக்கொள்ளலாம்.