தேன் டேங்க் 50 கிலோ: நாலு ஈடு எடுத்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டிலில் தேன் நிரப்புவதற்கு இந்த டேங்க் அருமை. உறைந்த தேனை இளக்குவதற்கு என்று நம்பி வாங்கினால் கையைக் கடிக்கும். நான் இரண்டாவதற்காகத்தான் வாங்கினேன்.

போன ஆடி மாதம் வாங்கியது (ஆடித் தள்ளுபடி எல்லாம் இதற்குக் கிடையாது). இரட்டைச் சுவர் வைத்த எஸ்எஸ் 304 (எவர்சில்வர்) பாத்திரம், சுவர்களுக்கு நடுவே தண்ணீர், அடியில் 1.5 கிலோவாட் ஹீட்டர், பக்கத்தில் எண் காட்டும் தெர்மோஸ்டாட், கீழே தேன் இறக்க ஒரு கேட், மேலே மூடி. 50 கிலோ பிடிக்கும் என்றார்கள், பிடிக்கிறது. வண்டி வாடகையோடு 19,500 ரூபாய் ஆயிற்று. செய்த பட்டறையின் பெயர் வேண்டாம், நான் விசாரித்த மூன்று இடத்திலும் ஏறக்குறைய இதே அமைப்பைத்தான் காட்டினார்கள், அதனால் இங்கே சொல்கிற குறை ஒரு ஆளுடைய குறை அல்ல.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டம், மார்த்தாண்டம் பக்கம். 1920-களில் ஒய்எம்சிஏவின் ஸ்பென்சர் ஹாட்ச் இங்கே தேனீ வளர்ப்பைத் தொடங்கி வைத்ததிலிருந்து வீட்டுக்கு நாலு பெட்டி வைத்திருக்கிற ஊர். என்னிடம் நியூட்டன் வகைத் தேன்பெட்டி 40, எல்லாம் அடுக்குத் தேனீ. கிடைப்பது பெரும்பாலும் ரப்பர் தேன். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பியில் மதுரம் வடியும், தேனீ எடுப்பது அதைத்தான், பூவிலிருந்து இல்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெட்டி கனத்துவிடும். அந்தத் தேனில் குளுக்கோஸ் தூக்கல், அதனால் சீக்கிரம் உறையும். வேகமாக உறைய 14 டிகிரி சுற்றிய குளிர்தான் வேண்டும் என்பார்கள், ஆனால் நம்மூர் வெக்கையிலும் ரப்பர் தேன் தப்புவதில்லை, கொஞ்சம் மெதுவாக, பெரிய பெரிய மணியாக உறைகிறது. போன வருடம் 360 கிலோ எடுத்தேன், 110 கிலோ சுடச்சுட விற்றுவிட்டது, மீதி பத்து கேனும் ஜூலைக்குள் கல்லாகிவிட்டன.

உறைந்த தேனை அப்படியே அனுப்பினால் என்ன ஆகும் என்று தேன் விற்கிற எல்லாருக்கும் தெரியும். "அண்ணா, அடியில் சீனி நிக்குது, பாகு கலந்திருக்கீங்களா?" என்று வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்து, பாகு கலப்பைக் கண்டுபிடிக்கிற என்எம்ஆர் சோதனையில் 10 பிராண்டு தேறவில்லை என்று வெளியிட்டதிலிருந்து மக்களுக்குச் சந்தேகம் கூடியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நல்ல தேனும் உறையும் என்பதைப் போனில் எத்தனை பேருக்கு விளக்குவது.

அதற்கு முந்தைய வருடம் உருளியை அடுப்பில் வைத்து, சிறு தீயில், கிளறிக்கொண்டே இளக்கினேன். பத்து நிமிடம் போன் பேசிவிட்டு வந்தேன், அவ்வளவுதான். நிறம் கறுத்து, வெல்லப்பாகு வாசம் வந்துவிட்டது. அந்த ஆறு கிலோவை அதிரசத்துக்கும் கருப்பட்டிக் காப்பிக்கும் வீட்டிலேயே தீர்த்தோம். வெயிலில் வைக்கிறவர்களும் உண்டு. மொட்டை மாடித் தகரத்தின் மேல் கேனை வைத்தால் இளகும்தான், ஆனால் எவ்வளவு சூடு ஏறியது என்று யாருக்கும் தெரியாது, தேனில் இருக்கிற குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி வெளிச்சத்திலேயே கெடும், அப்புறம் ஐப்பசி மழையில் வெயிலுக்கு எங்கே போவது. சரி, டேங்க்தான் வழி என்று முடிவு பண்ணினேன்.

டேங்க் வந்து இறங்கிய அன்றே முதல் சிக்கல். தேன் இருப்பது 25 கிலோ ஜெர்ரி கேனில். வாய் மூன்று விரல் அகலம். உள்ளே கல். அதை டேங்குக்குள் எப்படிக் கொண்டுபோவது? பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பி, கேனை அறுத்துருங்க" என்றார். ஒரு நிமிடம் அவர் கேலி பண்ணுகிறார் என்றே நினைத்தேன். வேறு வழியில்லாமல் இரண்டு கேனை அறுத்தேன், பிளாஸ்டிக் சீவல் தேனில் விழாமல் இருக்க அறுத்த ஓரத்தை ஒவ்வொரு தடவையும் துடைத்துத் துடைத்து, கரண்டியால் பெயர்த்து, ஒரு சாயங்காலம் முழுக்க அதிலேயே போனது. தேன் டேங்க் விற்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை: டேங்குக்குள் போக வேண்டுமென்றால் தேன் முன்னாலேயே இளகியிருக்க வேண்டும். அப்படி இளகியிருந்தால் டேங்க் எதற்கு?

இரண்டாவது சிக்கல் சூடு. தெர்மோஸ்டாட்டில் 45 வைத்தேன், திரையும் 45 காட்டியது. பழக்கதோஷத்தில் சமையல் தெர்மாமீட்டரை எடுத்து அங்கங்கே குத்திப் பார்த்தால், சுவரை ஒட்டிய தேன் 51, நடுவில் 33. தெர்மோஸ்டாட்டின் உணர்கம்பி இருப்பது தண்ணீரில், அதுவும் ஹீட்டருக்கு எதிர்ப்பக்கம். தேன் சூட்டை மிக மெதுவாகக் கடத்தும், உறைந்த தேன் இன்னும் மோசம், ஓரத்தில் இளகியது இளகியபடி சூடேறிக்கொண்டே இருக்கும், நடுவில் இருப்பது குளிர்ந்த கட்டியாகவே உட்கார்ந்திருக்கும். கிளறினால்தான் உண்டு. கிளறினால் காற்றுக்குமிழி. முதல் ஈட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து கிளறி, 19 மணி நேரம் ஆயிற்று. இதில் 'தானியங்கி' என்று பில்லில் வேறு எழுதியிருக்கிறது.

51 டிகிரி அப்படி என்ன பெரிய குற்றம் என்று கேட்பீர்கள். பெரிய குற்றமில்லை. தேன் சூடானால் எச்எம்எஃப் என்ற பொருள் கூடும், நொதிகள் குறையும், இரண்டுமே சூட்டையும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்கிற கணக்கு. எச்எம்எஃப் கிலோவுக்கு 30 மில்லிகிராம் சேர 40 டிகிரியில் 20 முதல் 50 நாள் வேண்டும், 50-ல் நாலரை முதல் ஒன்பது நாள், 60-ல் ஒன்று முதல் இரண்டரை நாள், 70-ல் 5 முதல் 14 மணி நேரமே போதும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எப்எஸ்எஸ்ஏஐயின் வரம்பு 80 மில்லிகிராம். ஆக ஒரு ராத்திரி 51-ல் நின்ற தேன் ஒன்றும் பாழாகிவிடாது. ஆனால் 45 என்று திரை சொல்வதை நம்பி, சீக்கிரம் ஆகட்டும் என்று 60-க்கு ஏற்றினால் ஓரத்தில் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். 62, 63-ஐத் தொட்டால் தேனில் கிடக்கிற மெழுகுத் துணுக்கே உருகிவிடும், அப்புறம் வடிகட்டியும் பயனில்லை.

தெர்மோஸ்டாட்டின் கம்பியை இடம் மாற்றித் தரச் சொன்னேன். அடுத்த வாரம் என்றார்கள். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

இங்கேதான் ஆக்கர் கடை (பழைய சாமான் கடை) பிரிட்ஜ் வருகிறது. கம்ப்ரசர் கழற்றிய பழைய ஒற்றைக் கதவு பிரிட்ஜ், 700 ரூபாய். தட்டுகளை எடுத்துவிட்டு, அடியில் இரண்டு 60 வாட் குண்டு பல்பு, கேனில் படாமல் இருக்க மேலே ஒரு தகர மறைப்பு, கோழிக்குஞ்சு இன்குபேட்டருக்கு விற்கிற 400 ரூபாய் தெர்மோஸ்டாட். அதன் உணர்கம்பியைக் கேனின் மேல் தோளில் டேப் போட்டு ஒட்டினேன். 42 டிகிரி. ஒரு கேன் தாராளமாகப் போகும், நெருக்கி வைத்தால் இரண்டு. பிரிட்ஜ் குளிரை வெளியே விடாதது போலவே சூட்டையும் விடாது, பல்பு அணைந்து அணைந்துதான் எரிகிறது. இரண்டு நாளில் தேன் கூழாகி கேன் வாய் வழியே ஊற்ற வருகிறது, மூன்றாம் நாள் கிட்டத்தட்டத் தெளிகிறது. கிளறல் இல்லை, அறுப்பு இல்லை, தூக்கம் கெடவில்லை.

மூன்றாம் நாளை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். இரண்டாவது ஈட்டில் நான் நினைத்தேன். கண்ணுக்கு இளகிவிட்ட மாதிரி இருந்தது, ஆனால் டார்ச் அடித்தால் மங்கலான மணல் மாதிரி மினுக்கம் தெரிந்தது. அந்த மணல்தான் விதை. பாட்டிலில் போட்ட நாலு வாரத்தில் மறுபடி உறைந்துவிட்டது.

இன்னொன்று, இளக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு கேனையும் திறந்து மோந்து பாருங்கள். குளுக்கோஸ் கல்லாகும்போது அதற்கு இடையில் மிஞ்சுகிற நீர்த்தேனில் தண்ணீரின் பங்கு கூடிவிடும், ஈஸ்ட் அங்கேதான் வேலையைத் தொடங்கும். என் பத்து கேனில் ஒன்று லேசாகக் கள் வாசம் அடித்தது. 42 டிகிரியில் ஈஸ்ட் சாகாது, அதற்கு 63-ல் அரை மணி வைக்க வேண்டும், வைத்தாலும் வந்த வாசம் போகாது. அந்தக் கேனை டேங்கில் கலந்திருந்தால் 50 கிலோவும் போயிருக்கும்.

இப்போது டேங்கைப் புகழ்கிற இடம். பிரிட்ஜில் தெளிந்த தேனை நைலான் துணி வழியே டேங்கில் ஊற்றி, தண்ணீரை 42-ல் வைத்து, மூடி போட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுவேன். காலையில் குமிழியெல்லாம் மேலே வெண்நுரையாக ஏறி நிற்கும், தோசைக் கரண்டியால் வழித்தால் அடியில் கண்ணாடி மாதிரித் தேன். மூடி கட்டாயம். காற்றில் ஈரம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே தேன் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கும், நம் மாவட்டத்தில் அது குறைகிற நாளை எண்ணிவிடலாம். எப்எஸ்எஸ்ஏஐ வரம்பு 20 விழுக்காடு ஈரம், என் தேன் கருவியில் 19.5 காட்டியது, விளிம்பில் நிற்கிறேன்.

அந்தக் கேட் ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம். தகடு மேலே ஏறி இறங்குகிற வகை, சாதாரணக் குழாய் மாதிரித் திருகத் தேவையில்லை. தராசில் பாட்டிலை வைத்து, தேன் பாட்டிலின் உள்சுவரில் வழிகிற மாதிரிச் சாய்த்துப் பிடித்து, 495 வரும்போது தட்டினால் சரியாக 500 கிராமில் நிற்கிறது. கடைசி நூல் ஒன்று இழுக்கும், அதைத் தகட்டின் விளிம்பிலேயே சுற்றி அறுத்துவிடலாம். புனலும் அகப்பையும் வைத்து அரைநாள் பிடித்த வேலை, 95 பாட்டில், ஒண்டி ஆளாக ஒன்றே கால் மணி நேரத்தில் முடிந்தது. தரை ஒட்டவில்லை. நடுவில் கரண்ட் போனாலும் கவலையில்லை, சுற்றியிருக்கிற தண்ணீர் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. இந்த வேலைக்கு ஒரு ஈட்டுக்கு 5 யூனிட்டுக்குள்தான் ஓடியது. (500 கிராம் தேன் சுமார் 355 மில்லிதான் வரும், அதைப் பார்த்து "அரை லிட்டர் இல்லையே" என்று சண்டைக்கு வருகிறவர்களை எந்த டேங்கும் சமாளிக்காது.)

குறை இன்னும் இரண்டு. கேட் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கிறது, பாட்டிலே அடியில் நுழையாது. பெஞ்சில் ஏற்றினேன், இப்போது 25 கிலோ கேனை என் நெஞ்சுக்கு மேலே தூக்கி ஊற்ற வேண்டியிருக்கிறது. அப்புறம் அடி தட்டை. கேட் பக்கம் சாய்மானம் கொடுத்திருந்தால் எல்லாம் வடிந்திருக்கும், இப்போது இரண்டு கிலோ தேங்கி நிற்கிறது, பின்பக்கம் ஒரு மரக்கட்டையைச் சொருகி, டேங்கைச் சாய்த்துத்தான் எடுக்கிறேன். கழுவுவது சுலபம், வெந்நீர் போதும், ஆனால் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காய வைக்க வேண்டும்.

வாங்கலாமா என்று கேட்டால், வருடம் 200 கிலோவுக்கு மேல் சொந்தமாகப் பாட்டிலில் போட்டு விற்கிறவர் வாங்கலாம். ஆர்டர் கொடுக்கும்போதே சாய்ந்த அடி, கால் வைத்த ஸ்டாண்டு, உணர்கம்பி எங்கே வரும் என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பத்துப் பெட்டி வைத்திருப்பவருக்கு ஆக்கர் கடை பிரிட்ஜும், கேட் பொருத்திய ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும் போதும், இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். யாராக இருந்தாலும் ஜெர்ரி கேனை விட்டுவிட்டு அகல வாய் பக்கெட்டுக்கு மாறுங்கள். நான் இந்த சீசனுக்கு 15 பக்கெட் வாங்கி அடுக்கிவிட்டேன்.

பத்தில் எட்டு கேன் பாட்டிலாகிவிட்டது, ஒன்று கள் வாசம். மீதி ஒன்றை இளக்கவில்லை. ஊட்டியிலிருந்து வாங்குகிற ஒருவர், பிரெட்டில் தடவ உறைந்ததுதான் வசதி, வழிந்து கையெல்லாம் ஆகாது, அப்படியே அனுப்புங்கள் என்றார். கேனை அறுத்து, கரண்டியால் வழித்து டப்பாவில் அடைத்துக்கொண்டிருக்கிறேன். டேங்க் பக்கத்தில் சும்மா நிற்கிறது.